தீவகத்து மழையிலே ஒரு மரதன்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஆனி மாதத்தையே தேர்ந்துகொள்வர். நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத் திருவிழா நடைபெறும் காலம் அது. பஸ்களிலும் படகுகளிலும் அடியார் கூட்டம் நிறைந்து வழியும். ஆனால் தீவகத்தின் உயிர்நிலையை அறிய விரும்புவோர் கார்த்திகை மாதத்தில் அங்கே செல்லல் வேண்டும். வாடைக் காற்று வீசி, வானம் இருண்டு, தரவை நிலமெங்கும் வெள்ளம் பரந்து நிற்கும் அக்காலத்திலேதான் தீவுகள் தம் உண்மை முகத்தைக் காட்டுகின்றன. அதையும் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பாராமல், கால்களால் கடந்து பார்த்தல் நன்று.

வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர் எனத் தீவகம் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கிறது. 1658 இல் போர்த்துக்கேயரை வென்று இப்பகுதியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவில் நிற்கும் கடற்கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையை ஒத்ததென்றும், இக்கோட்டை அதன் குதிக்கால் என்றும் அவர்கள் கண்டார்களாம்! அப்பெயர்கள் பலவும் இன்று ஏடுகளோடு நின்றுவிட்டன. நெடுந்தீவின் 'டெல்வ்ற்' ஒன்றே ஆங்கில வழக்கில் எஞ்சியிருக்கிறது.

யாழ்ப்பாண நகரையும் வேலணைத் தீவையும் பண்ணைத் தாம்போதி இணைக்கிறது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு மற்றொரு நெடுந்தாம்போதி செல்கிறது. புங்குடுதீவின் மேற்கெல்லையான குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிவடைகிறது. அதற்கப்பால் படகே துணை. பண்ணையிலிருந்து குறிகட்டுவான்வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இத்தூரத்தை ஒரு கார்த்திகை ஞாயிறன்று ஓடியே கடப்பதென்று, பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகளும் நானும் தீர்மானித்தோம்.

மரதன் என்பது முறைப்படி 42.195 கிலோமீட்டர். 1908 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அத்தூரமே 1921 இல் உலகத்துக்குப் பொதுவான அளவாயிற்று. ஆனால் நம் ஊர்களில் மரதன் என்ற சொல் இவ்வளவு கண்டிப்பானதன்று. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முன்னாள் மாணவர் வீதியில் ஓடுவதும் மரதன். சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஊரைச் சுற்றி இளைஞர் ஓடுவதும் மரதன். பக்கத்தில் தோழர்கள் சைக்கிளில் வருவர். வீட்டுப் படலைகளில் நிற்கும் தாய்மார் தண்ணீரும் தோடம்பழமும் நீட்டுவர். ஊர் வழக்கைக் கொண்டு நோக்கின், எங்கள் ஓட்டமும் மரதனே.

காலை ஆறு மணிக்குப் பண்ணையில் தொடங்கினோம். உலர்ந்த ஆடைகளுடன் பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வந்துவிடுவதாக என் மனைவி கூறியிருந்தாள். இடி மின்னல் இருந்தால் தாம்போதியில் கால் வைப்பதில்லை என்பது அவளுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. அன்று இடியில்லை. மெல்லிய மழையும் முதுகைத் தள்ளும் வாடையுமே இருந்தன. பின்னால் ஒல்லாந்தர் கோட்டையின் மதில் மங்கி மறைந்தது. இரு மருங்கும் பரவைக் கடல் ஈயத் தகடுபோல் கிடந்தது. களங்கட்டிகளின் தடிகள் நீரில் வரிசை வரிசையாக நின்றன. முழங்கால் அளவு நீரில் ஒருவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மீன் பார்த்துக்கொண்டிருந்தார். மழை அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மழையில் ஓடுவதில் சில இடர்கள் உண்டு. நனைந்த காலுறை தோலை உரசிக் கொப்புளம் உண்டாக்கும். வழவழப்பான வீதியில் கால் சறுக்கும். ஆயினும் நம் வெப்ப நாட்டில் மழையைப் போல ஓடுவோனுக்கு உதவுவது வேறொன்றில்லை. வெயிலில் மூன்றாம் கிலோமீட்டரிலேயே கொதிக்கத் தொடங்கும் உடல், மழையில் பத்துக் கிலோமீட்டர் கடந்தும் குளிர்ந்தே இருக்கிறது.

மண்டைதீவுச் சந்தி கழிந்து, அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் வந்தன. மணற்பாங்கான அந்நிலம் பெய்த நீர் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இவ்விடத்தில் மழையின் பயனைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஆண்டுக்குச் சராசரி 1,200 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. அந்த நீர் மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது அன்றோ? கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது தாங்கும் என்பர் நிலத்தடி நீர் ஆராய்வோர். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போயிற்று. கிணறு உவர்க்கத் தொடங்கும். ஆதலால் எங்கள் தலையில் விழுந்த ஒவ்வொரு துளியும் பங்குனி, சித்திரையில் யாரோ ஒருவர் அள்ளப்போகும் குடிநீரின் பங்காகும். சாட்டியின் கடற்கரை எவ்வளவு பேர்பெற்றதோ, அதன் நன்னீர்க் கிணறுகளும் அவ்வளவு பேர்பெற்றவை.

வேலணையை அண்மியபோது மழை வலுத்தது. பனங்கூடல்கள் நீர்த்திரைக்குப் பின்னால் நிழல்களாயின. ஒரு வீட்டுப் படலையில், தலையில் சீலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு நின்ற முதியவள் ஒருத்தி எங்களைக் கண்டு திகைத்தாள்.

"என்ன மோனை, இந்த மழைக்குள்ளை ஓடுறியள்? ஆரும் கலைக்கிறாங்களே?"

"இல்லை ஆச்சி, சும்மா ஓடுறம்" என்றாள் என் மகள்.

"சும்மாவோ!" என்று கைகொட்டிச் சிரித்தாள் ஆச்சி. "சும்மா ஓடுற காலமும் வந்திட்டுதே! கவனமாப் போங்கோ."

அந்தக் கேள்வியின் பொருள் என் மகளுக்கு உடனே விளங்கவில்லை. சிறிது தூரம் சென்றபின் ஏன் ஆச்சி அப்படிக் கேட்டாள் என்று வினவினாள். ஓடிக்கொண்டே சொன்னேன்.

இம்மண்ணில் ஓடுதல் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் போர் மூண்டபோது, ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் மண்டைதீவிலும் வாழ்ந்தவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குடாநாட்டுக்கு ஓடினார்கள். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே எழுந்து நடந்தது. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கித் திரண்டனர். அன்றும் மழை. குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதில் தேங்கிய நீரைப் பிள்ளைகளுக்குப் பருகக் கொடுத்தவர்களைக் கண்டேன். எனக்கு அப்பொழுது பதினாறு வயது. தனியே விட்டிருந்தால் விரைந்து போயிருப்பேன். ஆனால் என் தாயாருக்கு முழங்கால் வலி. அவர் ஓரடி வைத்தால் நானும் ஓரடி வைத்தேன். சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க விடிந்துவிட்டது.

மகள் ஒன்றும் பேசவில்லை. மழை பேசிற்று.

வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறினோம். நாலு கிலோமீட்டர் அளவு நீண்டு, இருபுறமும் கடலன்றி வேறெதுவும் இல்லாத வழி அது. ஒதுங்க ஒரு மரமும் கிடையாது. இங்கேதான் என் கால்கள் கனக்கத் தொடங்கின. இருபது வயதுக் கால்களும் ஐம்பதை நெருங்கும் கால்களும் பாதி வழிவரை ஒன்றுபோல் ஓடலாம். அதன்பின் வயது தன் கணக்கைக் கேட்கும். மகள் முன்னே பத்து முழம் சென்றாள்; திரும்பிப் பார்த்தாள்; வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"அவசரமில்லை அப்பா. உங்கடை வேகத்திலை வாங்கோ."

அவ்வேளையில், 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிகழ்ந்த மரதன் என் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு முதுகில் காற்று. அங்கே முகத்தில் காற்று, உறைய வைக்கும் குளிர், ஓயாத மழை. புகழ்பெற்ற ஓட்டக்காரர் பலர் இடையிலே விலகினர். டெசிரே லிண்டன் என்ற பெண்மணிக்கும் அன்று உடல் ஒத்துழைக்கவில்லை. தாம் விலக நேரலாம் என்று கருதிய அவர், எப்படியும் தம் நாட்டு வீராங்கனை ஷலேன் ஃபிளானகனுக்கு உதவுவோம் என்று எண்ணினார். ஃபிளானகன் கழிப்பிடத்துக்காக நின்றபோது, லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு மீண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தார். முடிவில் முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? காத்து நின்ற அந்த லிண்டனே! நேரம் 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. அப்போட்டியில் அமெரிக்கப் பெண் ஒருவர் வென்று முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆடவரில் வென்ற யூக்கி கவாவுச்சியோ அக்காலத்தில் யப்பானில் ஓர் அரசாங்க ஊழியர்.

அதே வீதியில் ஒரு தந்தையும் மகனும் ஆண்டுதோறும் ஓடியதும் உலகம் அறிந்த செய்தி. பிறவியிலேயே மூளை முடக்குவாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாத மகன் ரிக் ஹொய்ற்றைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டே தந்தை டிக் ஹொய்ற் ஓடினார். 1977 இல் சிறியதொரு ஓட்டத்தில் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட போட்டிகளில் இருவரும் ஒன்றாகவே பங்கேற்றனர். ஓடும்போது தன் ஊனம் மறைந்துபோவதாக உணர்ந்ததாய் மகன் கணினி வாயிலாகத் தெரிவித்தானாம். தந்தை 2021 இலும் மகன் 2023 இலும் மறைந்தனர்.

இவற்றையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததில் தாம்போதி முடிந்ததே தெரியவில்லை.

புங்குடுதீவின் வீதியோரங்களில் பூட்டிய வீடுகள் பல. தூண்கள் நிமிர்ந்த நாற்சார் வீடுகளும், கூரை இழந்து சுவர் மட்டும் நிற்பனவும் கண்டோம். கொழும்பில் வணிகம் செய்து பொருளீட்டியவர்களின் ஊர் இது. இன்று அதன் மக்கள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். ஒரு வெற்று வளவில் எட்டிப் பார்த்தோம். உரிமையாளர் இல்லாத கிணற்றிலும் நீர் விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று மழை பார்ப்பதில்லை. வருவோருக்காக அது சேமித்து வைக்கிறது.

பத்து மணிக்குச் சற்று முன் குறிகட்டுவானை அடைந்தோம். மனைவி குடையுடன் துறையடியில் நின்றாள். சிறு கடையொன்றில் இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தபோது கைகள் நடுங்கின, மனம் நிறைந்திருந்தது. நெடுந்தீவுக்குச் செல்லக் காத்திருந்தோர் அங்கே மூட்டைகளுடன் ஒதுங்கி நின்றனர். நயினாதீவுக்குப் படகில் கால்மணி நேர அளவே. நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. பரீட்சைக்குச் செல்லும் மாணவனும் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும் கடலின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டும். முருகைக்கல் மதில்களையும், பெருக்கு மரத்தையும், மட்டக் குதிரைகளையும் காண வருவோர் அத்தீவின் அழகை மட்டும் கண்டு திரும்புகின்றனர். இக்காத்திருப்பைக் காண்பது அரிது.

அன்று கடல் இணங்கியது. ஆடை மாற்றி நயினாதீவு சேர்ந்து அம்மனை வணங்கினோம். அயலிலே நாகதீப விகாரை மழையில் வெண்மையாக நின்றது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோர் உண்டு. பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியின் பெயரையே ஆலயத்து அன்னதான மண்டபத்துக்கும் இட்டிருக்கின்றனர்.

வாசகர்களே, குறிப்பாக மாணவர்களே! உங்களால் முப்பது கிலோமீட்டர் ஓட இயலாவிடினும் பண்ணைத் தாம்போதியை மட்டுமேனும் ஒரு மழைநாளில் கடந்து பாருங்கள். இடி மின்னல் உள்ள நாளைத் தவிருங்கள். புறப்படுமுன் படகு ஓடுகிறதா என்று விசாரியுங்கள். பாட்டியோ, தந்தையோ, தம்பியோ, வீட்டில் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்களுள் யார் மெதுவாகச் செல்வாரோ அவருடைய அடியையே அளவாகக் கொள்ளுங்கள். வழியில் எவரேனும் "ஆரும் கலைக்கிறாங்களே?" என்று கேட்டால், சற்று நின்று, இல்லை என்று பணிவுடன் மறுமொழி சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்கு அது நல்ல செய்தி.