தாம்போதிக் காற்றுக்கு ஒரு கைத்தாங்கி

செவ்வாய், சரவணை

சோளகம் எழும்பிவிட்டது. மருமகன் காலையில் குறிகட்டுவான் வரை சைக்கிள் ஓடிவிட்டு வந்தான். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் காற்று நேரே முகத்தில் அடிக்கும். ஏரோபார் கம்பியின் மெத்தையில் முழங்கையை ஊன்றி, படுத்தபடி மிதிக்க வேண்டிய இடமே அதுதான். அவனோ அங்கே எழும்பி எழும்பி ஓடியிருக்கிறான். “கழுத்து உழையுது மாமா, நிமிர்ந்து றோட்டைப் பாக்க ஏலாமக் கிடக்கு.”

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், கிரெக் லெமாண்ட் இந்தக் கம்பியைப் பூட்டிக்கொண்டு வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. ஓடினார். 50 விநாடி பின்னால் நின்றவர் 8 விநாடியால் வென்றார். ஆனால் அது அரைமணிக்கும் குறைந்த ஓட்டம். 2018 இல் கொழும்பில் நடந்த அயன்மேன் 70.3 போன்ற டிரையத்லன் போட்டியில் சைக்கிள் மட்டும் 90 கி.மீ.; இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட்டம். அவ்வளவு நேரம் தாங்க முடியாத தாழ்வால் என்ன பயன்? மெத்தைகளை உயர்த்தத்தான் வேண்டும்.

வியாழன்

யாழ்ப்பாணத்துப் பட்டறையில் 30 மி.மீ. உயர அலுமினியக் கட்டைகள் இரண்டு வெட்டுவித்தோம். வாஷர்களை அடுக்கியும் உயர்த்தலாம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடுக்கு உயர உயர ஆணி வளையும், முழங்கைப் பாரம் முழுக்க அதிலேதான். இரண்டு கட்டைகளையும் குறுக்கே ஒரு தகட்டால் பிணைத்தபிறகு ஆட்டம் நின்றது. மேல்முகத்தைச் சற்றுச் சரிவாகச் செதுக்கச் சொன்னேன். கை முன்பக்கம் உயர்ந்தால் முழங்கை வழுக்காது, தோளும் இளகும்.

5 மி.மீ. ஆணிகளை நீளமானவையாக மாற்றினோம். புரி 8 மி.மீ. ஆவது உள்ளே கடிக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளந்தேன். காபன் குழாயில் துளை போடவே விடவில்லை. வெடிப்பு அங்கேதான் தொடங்கும். எல்லா ஆணிக்கும் கிறீஸ். இந்த உப்புக் காற்றில் உருக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து ஆணியைக் கவ்விக்கொள்ளும். பிறகு கழற்றுவது பெரும்பாடு.

ஞாயிறு

தாம்போதி முழுக்கப் படுத்தபடியே ஓடினான். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். தலை நிமிர்ந்து, முதுகு அசையாமல் இருந்தது. குறிகட்டுவான் பஸ் எதிரே வந்தபோது சொல்லாமலே கையைக் கீழ்ப்பிடிக்கு மாற்றினான். பிரேக் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒடுங்கிய றோட்டில் அந்தப் பழக்கம் வேகத்தைவிடப் பெரிது.

பக்கக் காற்றில் முன்சில்லு கொஞ்சம் அலைகிறதாம். நாளைக்கு மெத்தைகளை ஒரு துளை அகட்டிப் பூட்டிப் பார்ப்போம்.