ஊர் வரலாற்றில் சேரி எங்கே?

எட்டாம் வகுப்பில், "உங்க ஊர் வரலாற்றை எழுதி, படமும் வரைஞ்சு கொண்டு வாங்க" என்றார்கள். மங்கலம்பேட்டைப் பக்கத்து எங்கள் ஊரின் படத்தில் கோயில், ஏரி, கடைத்தெருவோடு எங்கள் தெருவையும் வரைந்தேன். வாத்தியார் சிவப்பு மையால் அதை அடித்தார். "இது ஊர் இல்லப்பா, காலனி." கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை, தோழர்களே. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக் கணக்கில், வரியில்லாத இடங்களைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், குளம், சுடுகாடு, பறைச்சேரி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் கல்லில் இருக்கிறோம், கழித்தல் கணக்காக. அங்கே வாழ்ந்தவர் ஒருவர் பெயரும் இல்லை.

பெயரோடு ஓர் ஆள் வேண்டுமென்றால் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூருக்குப் போக வேண்டும். நந்தனாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அந்தச் சேரியை நின்று பார்த்திருக்கிறார்: சுரைக்கொடி ஏறிய கூரை, குஞ்சுகளோடு திரியும் கோழி, இரும்பு வளை போட்ட பிள்ளைகள், மாமரக் கிளையில் தொங்கும் பறை. நந்தனாரை நெருப்பில் இறக்கிய பிறகுதான் சிதம்பரம் கோயிலுக்குள் விடுகிறார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் கோழிக்குஞ்சு வரை எழுதியவர் அவர்தான். அந்த நந்தனார் பெயரில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்.

இங்கிலாந்தில் 1538இலிருந்து ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. அதனால் சின்னஞ்சிறு கிராமத்துக் கூலிக்காரரின் பேரப்பிள்ளைகூட இன்று பாட்டனின் பாட்டனைத் தேடிப் பிடிக்கலாம். நமக்கு அப்படி ஏடு இல்லை. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு உண்டு, அதில் நிலம் வைத்திருந்தவன் பெயர்தான் இருக்கும்.

ஆகவே ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். எந்த வீட்டார் எந்தப் பஞ்சத்தில் வந்தார்கள், யாருடைய பண்ணையில் இருந்தார்கள், முதன்முதலில் சட்டை போட்டுக் கடைத்தெருவில் நடந்தது யார், அதற்காக யாரை அடித்தார்கள் என்று வரிசையாகச் சொன்னது. ஒரு நோட்டு நிரம்பியது. மூன்றாம் நாள், "இதெல்லாம் எதுக்குடா எழுதுற?" என்றது. அந்தப் பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இங்கதான நம்ம புளியமரம்?" என்று கேட்டது.