எல்கார்ட்டில் ஒரு சக்கர வீடு

2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வசிக்கும் என் சகோதரி மகனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அருகிலுள்ள எல்கார்ட் வட்டாரம், காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளுக்குப் பேர்போனது. படுக்கை, அடுப்பு, கழிவறை யாவும் அமைந்த அவ்வண்டிகளைச் செய்யும் தொழிலாளர்களில் கணிசமானோர் ஆமிஷ் எனும் கிறிஸ்தவப் பிரிவினர். சொந்தமாகக் கார் வைத்திருப்பதே தகாதென்று குதிரை வண்டியில் செல்லும் அவர்கள், ஊர் சுற்றுவோருக்கு வண்டி செய்து கொடுப்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது!

கொரோனாக் காலத்தில் விமானத்துக்கும் விடுதிக்கும் அஞ்சிய மக்கள் இத்தகைய பயண வீடுகளை வாங்கிக் குவித்தனர். 2021இல் மட்டும் சுமார் 6 இலட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. 2023இல் அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

என் மருமகனும் 2022இல், வட்டிக் கடனின்றிச் சேமிப்பிலிருந்து 32,000 டாலர் கொடுத்து ஒன்று வாங்கியிருந்தார். அதைப் பின்னோக்கி ஓட்டுவதே பெரும்பாடாக இருக்கவே, முதல் வாரத்திலேயே வருந்திக் கடைக்காரரை அணுகினார். அவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். வீடு தேடி வந்து விற்கும் பொருளை மூன்று நாட்களுக்குள் திருப்பித் தர அங்கே விதி உண்டு. கடைக்குச் சென்று வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாதாம். வாங்கியவர் வருந்தினால் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் 'இகாலா'வை நம் ஃபிக்ஹு நூல்கள் சிறப்பித்துப் பேசுகின்றன. ஆனால் இகாலா கட்டாயமன்று, நற்குணம். எனவே கடைக்காரரைக் குறை கூறவும் இயலவில்லை.

பிறகு இரண்டே பயணங்கள். நிறுத்துமிட வாடகை, குளிர்காலத்தில் குழாய்நீரை வடித்து உறையாத திரவம் நிரப்பும் தொல்லை என மனம் கசந்து, விற்க முடிவு செய்தார்.

ஒரு முதிய தம்பதியர் பார்க்க வரவிருந்த காலையில், ஜன்னலோரச் சுவரில் என் கை பட்டது. ஈரம்! கூரையின் ஒட்டுப்பசை விரிந்து மழைநீர் கசிந்திருந்தது.

"துடைத்துவிட்டால் தெரியாது மாமா" என்றார் மருமகன்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரிடம் வினவிய ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். ஆயினும் இழப்பு அவருடையது, நானோ விருந்தாளி. தயங்கித் தயங்கியே நினைவூட்டினேன். அவர் மறுமொழியின்றி வெளியே சென்றுவிட்டார்.

தம்பதியர் வந்ததும், அவரே முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டினார். பெரியவர் விரலால் அழுத்திப் பார்த்தார், நன்றி கூறினார், வாங்காமலே சென்றுவிட்டார்.

பத்து நாட்களுக்குப் பின் வேறொருவர், கசிவை அறிந்தே, 19,000 டாலருக்கு வாங்கிச் சென்றார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை மருமகனின் இளைய மகள் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.