கம்பி கட்டிய சக்கரம்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தோர்க்குச் சக்கரம் என்றதும் நினைவில் எழுவது, சுரங்க வாயிலின் மேல் உயர்ந்து நின்ற இரும்புச் சக்கரமே. அது சுழன்றால் கூண்டு இறங்கும். எங்கள் வீட்டார் பூமிக்குள் போவர். சாம்பியன் ரீப்பில் அந்த ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கைக்கொண்ட தொழில் பல கைகள் மாறி, 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. அந்தச் சக்கரம் நின்ற ஊரில், சகோதரர் நாங்கள் இருவரும் வேறொரு சக்கரத்தைக் கட்டிய கதையை இம்மலரின் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

தந்தையார் சுரங்கப் பட்டறையில் பிட்டர். திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தார். சுரங்கம் மூடியபின் நாங்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனோம். சில ஆண்டுகளில் அங்கேயே குடியேறினோம். வண்டி லைன் வீட்டின் சார்ப்பில், சயனைடு மேட்டுப் புழுதி படிந்து கிடந்தது. பின்சக்கரத்தில் வட்டை துருவேறி, நான்கு கம்பிகள் அறுந்திருந்தன. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றோம். கற்பொடி தின்ற நெஞ்சோடு கட்டிலில் கிடந்த தந்தையார் மறுமொழி கூறவில்லை. தாயார்தாம், "அதையும் தூக்கிவிட்டால் அவர் வாசலுக்கு எழுந்து வர என்ன இருக்கிறது?" என்றார்.

அடுத்த ஞாயிறு புதிய வட்டையும் நாற்பது கம்பிகளும் வாங்கிச் சென்றோம்.

பழந்தமிழர் சக்கரத்தின் நடுவைக் குறடு என்றும், கால்களை ஆர் என்றும், சுற்றுவட்டத்தைச் சூட்டு என்றும் வழங்கினர். பட்டறையில் அவை ஹப்பும் போக்ஸ் கம்பியும் ரிம்மும் ஆயின. பழைய கம்பிகளை அறுக்குமுன், குறட்டின் விளிம்பிலிருந்து வட்டை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து குறிக்கச் சொன்னார் தந்தையார். அந்த அளவு தவறினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் ஓடாது. கம்பிகளைப் பத்துப் பத்தாக நான்கு வரிசை கோத்தோம். பாதி முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறை இது. சங்கிலி இழுக்கும்போது ஒரு பாதியும், பிரேக் பிடிக்கும்போது மறுபாதியும் கூடுதல் விசையை ஏற்கும்.

கோப்பது எளிது, கோட்டம் எடுப்பதே அரிது. சக்கரத்தை வண்டியின் பின்கவட்டில் மாட்டிச் சுழற்றி, வட்டையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்தோம். உரசிய இடத்திலெல்லாம் எதிர்ப்பக்கக் கம்பிகளை முறுக்கினோம். மாலைக்குள் வட்டை முட்டை வடிவாயிற்று.

"முறுக்கத்தான் தெரியுமா? அந்தப் பக்கம் விட்டுக்கொடு. இந்தப் பக்கம் இழு. கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். தந்தையார் எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

குனியும் வலு அவருக்கில்லை. நிப்பிள் சாவியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். இறுகிய கம்பி கணீரென்றது. தளர்ந்தது மந்தமாக ஒலித்தது. முதலில் ஏற்ற இறக்கம், பின்பு பக்கக் கோட்டம், மறுபடியும் ஏற்ற இறக்கம் என்று இரண்டு ஞாயிறுகள் சென்றன. நிப்பிளுக்கு மேல் நீண்ட நுனிகள் டியூபைக் குத்தாதபடி அராவி முடித்தோம்.

அப்போது அவர் சொன்னது இது. மாட்டுவண்டியின் மர ஆர் ஊன்றி நின்று பாரம் சுமக்கும். மெல்லிய கம்பிக்கு ஊன்றத் தெரியாது. எல்லாக் கம்பிகளும் முன்னரே இழுபட்டு நிற்பதனால்தான் சக்கரம் நிற்கிறது. ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளின் மேல் விழும். பின்பு அவையும் அறும். "நான்கு கம்பி ஒரே நாளில் அறவில்லை. முதல் கம்பி தளர்ந்தபோதே நான் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அவர் வண்டியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. லைனில் எங்கள் வீட்டைப் போலவே பல வீடுகளில் முதியோர் மட்டும் இருந்தனர். மருந்து வாங்கவும் தண்ணீர் பிடிக்கவும் அடுத்த வீட்டாரே எங்களுக்காகவும் ஓடினர் என்பதை அன்றுதான் எண்ணினோம்.

மூன்றாம் ஞாயிறு அவரைப் பின்னே அமர்த்தி ராபர்ட்சன்பேட்டைச் சந்தை வரை ஓட்டிச் சென்றோம். தோளில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. புதுக் கம்பி ஓடியபின் சற்றுத் தளரும், மீண்டும் வந்து பார்க்க வேண்டும் என்றார் திரும்பியதும். அந்தச் சாக்கில் மாதம் இருமுறை போனோம்.

இன்று அவர் இல்லை. தாயார் ஊரை விட்டு வர இசையவில்லை. மாதம் இருமுறை போவதை நாங்கள் விடவில்லை. போனதும் சார்ப்பில் குந்தி, நாற்பது கம்பிகளையும் தட்டிப் பார்க்கிறோம். பிறகு அடுத்த வீட்டுக் கதவையும்.