ஈரத் தாள்களும் பாட்டியின் விரல்களும்

மலேசிய மலையூரான கியா பார்மில் நாலு நாளாக வெயிலே இல்லை. புத்தகத் தாள்கள் நமுத்துப்போய் ஒட்டிக்கொள்கின்றன. மெல்லப் பிரித்துப் பிரித்து 'எரியும் பனிக்காடு' வாசிக்கிறேன். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் மனசைவிட்டுப் போகவே இல்லை.

என் பாட்டியும் கொழுந்து கிள்ளியவர்தான். விரல்நுனியில் படிந்த கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அவரிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் இந்தப் பக்கங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து நம் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து தண்டவாளம் போடப் போனவர்களின் கதை. மலேசியத் தமிழர் வீடுகளில் இந்தப் புத்தகம் இருந்தே ஆகவேண்டும்.

நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? சொல்லுங்கள், ஈப்போவுக்குப் போகும்போது தேடிப் பார்க்கிறேன்.