சொந்தச் சட்டகம்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்குத் தலைப்பு, 'கோட்பாட்டுச் சட்டகம்'. நாற்பது பக்கம். அதை முழுமையாகப் படித்தவர்கள் மூன்றே பேர்: என் நெறியாளர், புறத்தேர்வாளர், கணினி மையத்தில் தட்டச்சு செய்து கொடுத்த பெண். பட்டம் வாங்கியதோடு அந்தச் சொல் என்னைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில், என் பழைய மாணவி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்து, "அம்மா, ஃப்ரேம்வொர்க்குக்குத் தமிழ்ல என்ன போடலாம்?" என்று கேட்டாள்.

"சட்டகம்" என்றேன், யோசிக்காமல்.

அவள் எம்.ஏ. தமிழ் படித்தவள். பள்ளி வேலைக்குக் காத்திருந்து அலுத்து, கணினி கற்று, சென்னையில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குப் போனவள். ஓய்வு நேரத்தில் ஜாங்கோ என்ற திறமூல மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். அதில் தமிழுக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பழைய அகராதிகளில் சட்டகத்துக்கு உடல் என்றும் ஒரு பொருள் உண்டு என்று சொன்னேன். "அப்ப இது சரியான சொல்தான்" என்றாள்.

வலைத்தளம் கட்டுகிற எல்லோருக்கும் சில வேலைகள் பொதுவானவை. உள்ளே வருபவர் யாரென்று பார்க்க வேண்டும். எழுதியதைத் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டும். படிவத்தில் நிரப்பியது சரியா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொருவரும் மரத்தை அறுத்துத் தொடங்காமல், நிலையும் சன்னலும் உத்திரமும் அளவெடுத்துத் தயாராகக் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் சட்டகம். ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். 2003இல், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரில், 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' நாளிதழின் வலைத்தளத்துக்காக ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் எழுதத் தொடங்கினார்கள். அடுத்த மேசையில் இருக்கும் செய்தியாளர், நிரலரை எதிர்பார்க்காமல் தானே செய்தியை உள்ளிட ஒரு பக்கம் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வந்த நிர்வாகப் பக்கம்தான் இன்றும் அதன் புகழுக்கு ஒரு காரணம். 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும், தனக்கென ஒரு வாசிப்பு முறையை உருவாக்கிக்கொண்டவர் அவர்.

இவற்றையெல்லாம்விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஜாங்கோ திட்டத்தின் சொந்த வலைத்தளமும் ஜாங்கோவால்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2014இன் இறுதியில் அதன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோதும் அப்படியே. அந்தத் தளத்தின் நிரலையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

"கட்டினவங்க அதுலதான் குடியிருக்காங்கம்மா. கதவு சரியா மூடலைன்னா முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

கணினித் துறையில் இதற்கொரு பெயர் உண்டாம். தான் விற்கிற நாய்த்தீனியைத் தானே தின்று பார்ப்பது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். எச்சில் பட்டுவிடும் என்பாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருவாள். குழம்பில் உப்புக் குறைந்திருப்பது அவளுக்குத் தெரியவரும்போது மற்றவர்கள் கைகழுவியிருப்பார்கள். அதற்குள் அப்பா திட்டியும் முடித்திருப்பார். தான் செய்ததை முதலில் தானே ருசி பார்ப்பதை ஓர் ஒழுக்கமாக வைத்திருக்கிற தொழில் ஒன்று உலகில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டார்கள் என்றும் இல்லை. ஜாங்கோவின் ஆவணப் பக்கங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற வேறொரு கருவியால் உருவாகின்றன. பிழைகளைப் பதிவுசெய்யும் இடம் ட்ராக் என்ற இன்னொரு மென்பொருளில் ஓடுகிறது. சொந்த வீட்டில் சில இரவல் அறைகள். மேற்கத்தியக் கோட்பாட்டைக் கடன் வாங்கித்தானே பெண்ணியம் பேசுகிறீர்கள் என்று கருத்தரங்குகளில் கேட்பவர்களுக்குச் சொல்ல இருபது ஆண்டுகளாக எனக்குச் சரியான பதில் அமையவில்லை. இப்போது இருக்கிறது: இரவல் அறை இருக்கலாம், எது இரவல் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒரு திட்டத்தின் வலைத்தளம், ஆவணம், புதிதாக வருகிறவர்களுக்கான வரவேற்பு இவையெல்லாம் அந்தத் திட்டத்தின் வீட்டுவேலை. நிரலின் மையப்பகுதியை எழுதுகிறவருக்குப் பெயர் கிடைக்கும். வாசலைக் கூட்டுகிறவருக்கு? ஜாங்கோவும் பல ஆண்டுகள் இந்த வேலைகளைத் தன்னார்வலர்களின் தயவில்தான் ஓட்டியது. 2014இல் ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை, நன்கொடை திரட்டி, சம்பளத்துக்கு ஓர் ஆளை அமர்த்தத் தொடங்கியது. வந்து குவியும் பிழைக் குறிப்புகளைப் பிரித்துப் பார்ப்பது, பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்துச் சரிபார்ப்பது, வெளியீடுகளுக்குத் தயார்செய்வது எனக் கண்ணுக்குத் தெரியாத அன்றாட வேலைகள்தான் அந்தப் பொறுப்பு. பல ஆண்டுகள் ஆண்களே வகித்த அந்தப் பொறுப்புக்கு 2023இல் நடாலியா பிடார்ட்டும் 2024இல் சாரா பாய்ஸும் வந்தார்கள். வீட்டுவேலைக்குக் கூலி என்று எழுபதுகளிலிருந்து பெண்ணியம் கேட்டுவருவதை, ஒரு மென்பொருள் திட்டம் தன் வீட்டளவிலாவது செய்து பார்த்திருக்கிறது.

அதே 2014 ஜூலையில், பெர்லினில் நடந்த யூரோபைத்தான் மாநாட்டில், ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரண்டு பெண்கள் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' பட்டறையைத் தொடங்கினார்கள். நிரல் எழுதியே பார்த்திராத பெண்களுக்கு ஒரே நாளில், கட்டணமில்லாமல், ஒரு சிறிய வலைப்பதிவைக் கட்டக் கற்றுத்தரும் பட்டறை. அது பல நாடுகளுக்குப் பரவியது. என் மாணவி கற்றதும் அவர்களுடைய பாடத்திலிருந்துதான். அதில் வரும் ஐந்து கட்டங்களை எனக்குக் காட்டினாள். எழுதியவர், தலைப்பு, உரை, உருவான தேதி, வெளியான தேதி.

"இந்தக் கடைசிக் கட்டம் காலியா இருக்கலாம்மா. காலியா இருந்தாலும் பதிவு இருக்கும்."

கவிதை எழுதுகிற பெண்ணுக்கு இதைவிடச் சுருக்கமாக அவள் கதையைச் சொல்லிவிட முடியாது. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பழைய நாட்குறிப்பில், பீரோத் துணிகளுக்கு அடியில் இருக்கிற எத்தனையோ கவிதைகளுக்கு உருவான தேதி இருக்கிறது, வெளியான தேதி இல்லை. இலக்கிய வரலாறு எழுதுகிற நாங்கள் வெளியான தேதியை மட்டும்தான் தேதி என்று எண்ணிவந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் பெண் படைப்பாளிகள் பதினோரு ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். எங்களுக்கும் ஒரு வலைத்தளம் இருந்தது. உறுப்பினர் ஒருவரின் தம்பி இலவச வடிவம் ஒன்றை எடுத்துச் செய்து கொடுத்தது. கவிஞர் பெயர், புகைப்படம், வாங்கிய விருதுகள், அவ்வளவுதான். அதைப் பார்த்தால் எந்த ஆண்கள் சங்கத்தின் தளத்துக்கும் எங்களுடையதற்கும் வேறுபாடு தெரியாது. பெண்ணியம்தான் எங்கள் சட்டகம் என்று மேடைதோறும் பேசிய நாங்கள், எங்கள் வீட்டை மட்டும் வேறு யாருடைய சட்டகத்திலோ கட்டி வைத்திருந்தோம். மாணவியிடம் ஜாங்கோவில் புதிதாகச் செய்து தரக் கேட்டேன். வெளிவராத எழுத்துகளுக்கும் இடம் வேண்டும் என்றேன், பெருமையாக.

என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்தோம். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. அவள் எழுதிக்கொண்டே கேட்டாள்:

"தட்டச்சு செஞ்சவங்க, மெய்ப்புப் பார்த்தவங்க, கூட்டத்துக்கு இடம் கொடுத்தவங்க, இவங்களுக்கும் கட்டம் வைக்கவாம்மா?"

"வேண்டாம்மா. தேடும்போது குழம்பும்."

சரி என்று தலையாட்டி அடுத்ததற்குப் போய்விட்டாள். அன்றிரவு என் இரண்டாம் கவிதைத் தொகுப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதிலிருக்கும் அறுபத்து நான்கு கவிதைகளையும் தட்டச்சு செய்தவள் அவள். அப்போது முதலாண்டு மாணவி. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து அடித்தாள். நான் மூன்று முறை திருத்தினேன், அவள் மூன்று முறையும் மாற்றினாள். அந்தத் தீபாவளிக்கு ஒரு சுடிதார் துணி வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது போல. கொடுத்ததில் எனக்கு நிறைவாகவும் இருந்தது. நன்றியுரையில் என் நெறியாளர், பதிப்பாளர், அட்டை ஓவியர், கணவர், இரவில் தொந்தரவு செய்யாமல் தூங்கிய மகள் என எல்லோரும் இருக்கிறார்கள். அவள் இல்லை. நான் அவளை மறக்கவில்லை. அங்கே எழுத வேண்டிய பெயராக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு கட்டம் வைக்கவா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கட்டங்களைப் பற்றிப் பேசினேன். மூத்த கவிஞர் ஒருவர் எரிச்சலோடு, "டீ போட்டவங்க பேரெல்லாம் இலக்கிய வரலாறா?" என்றார். அதுவரை பேசாமல் இருந்தவர், மாதந்தோறும் எங்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிடும் தோழி. "நீங்க குடிக்கிற டீயை நான் போடலைங்க. எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காதான் போடுறாங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு. கூட்டம் இருக்குன்னு நான்தான் மாசா மாசம் வரச் சொல்றேன்" என்றார்.

வேலைக்காரப் பெண்களின் வாழ்வைப் பற்றி அந்தக் கூடத்தில் எத்தனை கவிதைகள் வாசித்திருப்போம். கையில் அவர் போட்ட தேநீர் இருந்திருக்கும்.

தோழி மறுநாள் அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதிலை அப்படியே எங்களிடம் சொன்னார்: "என் பேரு எதுக்கு? ஞாயித்துக்கிழமை லீவு கொடுங்க, போதும்."

அந்தப் பதில் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவானது. சிலருக்குக் கொடுக்கவேண்டியது பெயர்; சிலருக்கு ஓய்வும் கூலியும். ஒரே கட்டத்தில் இரண்டையும் அடைத்துவிட்டால் நம் மனசாட்சிதான் நிம்மதியாகும். இப்போது கூட்டத்தில் நாங்களே முறை வைத்துத் தேநீர் போடுகிறோம். மூத்த கவிஞர் தன் முறைக்கு ஃபிளாஸ்க்கில் கடைக் காப்பி வாங்கி வந்துவிடுகிறார். அதையும் ஏற்றுக்கொண்டோம். பழைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கான கூலி பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை.

தளம் சென்ற ஆண்டு தயாரானது. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, காலி. யார் செய்தார்கள் என்று எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம். வெளியான தேதி இல்லாத பதிவுகள் முப்பத்தொன்று வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்து என் மாணவியுடையவை. அவள் எழுதுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

என் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு இப்போது வருகிறது. நன்றியுரையில் பெயரை எப்படிப் போடுவது, எந்த முதலெழுத்து என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மாவின் முதலெழுத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்தை நானே தட்டச்சு செய்தேன். ஒற்றை விரலால், ஒரு மணி நேரம் ஆயிற்று. அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் பதில் வந்தது.

"ரெண்டாவது வரில ஒரு ஒற்று விட்டுப்போச்சும்மா."