பனமலையும் ஒரு சிப்பாயின் வில்லையும்

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேசிங்குராஜனுக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாமும் இரண்டு தடவை அப்படித்தான் செய்தோம். மூன்றாம் தடவைதான் புத்தி வந்து, அனந்தபுரம் வழியாகத் தெற்கே போய்ப் பனமலையைப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

பனமலை பெரிய மலை அன்று. செஞ்சிக் கோட்டையில் ஏறி முழங்கால் வலித்தவர்களுக்கு இது ஒரு வெகுமதி என்றே சொல்லலாம். அடிவாரத்தில் கடல்போல் ஏரி. உச்சியில் தாளகிரீசுவரர் கோயில். தாளம் என்றால் பனை. ஆகவே ஸ்வாமியின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றேதான். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் இது. சிற்றாலயம் ஒன்றின் சுவரில் ஒரு சித்திரம் இருக்கிறது. குடை நிழலில் ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறாள் பார்வதி தேவி. அவள் பார்ப்பது ஈசனுடைய ஆனந்த நடனத்தை. நடனமாடிய ஈசன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்த்து நிற்கும் தேவி மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த முகத்தை விட்டு அகல நமக்கு வெகு நேரம் மனம் வரவில்லை.

கோயிலின் அடித்தளத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அசுவத்தாமனிலிருந்து தொடங்கிப் பல்லவ குலத்தின் பெருமையைப் பேசுகிறவை அவை. நம்முடன் வந்த நண்பர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "ராஜா பெயர் இருக்கிறது, ராஜாவின் பாட்டனார் பெயரும் இருக்கிறது. சண்டை போட்டுச் செத்தானே சிப்பாய், அவன் பெயர் எங்கே ஐயா?" என்று கேட்டார்.

நண்பர் எப்போதும் இப்படித்தான். ரசித்துக்கொண்டிருக்கும்போது சங்கடமான கேள்வியாகப் போடுவார். ஆனால் முதல் நாள்தான் நாம் செஞ்சியைப் பார்த்திருந்தோம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை அது. எட்டு வருஷத்தில் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 1714இல் மாண்ட தேசிங்குராஜனுக்கு நாட்டுப் பாடல் உண்டு. அவன் தோழன் மகமத்கானுக்கு அந்தப் பாடலில் இடம் உண்டு. குதிரைக்குக்கூட இடம் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பாறைகளின் நடுவே பெயரில்லாமல் மண்ணாய்ப் போனார்கள். 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் அதில் சேர்ந்தது. கோட்டைக்குக் கௌரவம் கிடைத்தது; காவல் நின்றவனுக்கு ஒன்றும் இல்லை.

ஆயினும் நண்பரின் கேள்விக்கு நம்மிடம் ஒரு பதில் இருந்தது. திருவண்ணாமலைக்கு அப்பால் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய இருக்கின்றன. மாடு கவர வந்தவர்களோடு போராடி விழுந்த சாதாரண வீரர்களுடைய கற்கள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாரின் சேவகன், இன்ன பெயரினன், இன்ன சண்டையில் பட்டான் என்று வட்டெழுத்தில் தெளிவாகச் சொல்லும் கற்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, கருந்தேவகத்தி என்னும் வீரனையும், அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் பெயரிட்டுக் குறிக்கிறது. பல்லவ நாட்டில் எருமை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் இருந்தது.

பின்னால் வந்த வெள்ளைக்காரச் சாம்ராஜ்யம் என்ன செய்தது என்று பாருங்கள். 1914-18 யுத்தத்தில் மெஸபடோமியாவில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். நம் சென்னை ஸாப்பர் படையினரும் அங்கே போரிட்டவர்களே. 1929இல் பாஸ்ராவில் பிரமாதமான ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள்; இந்திய அதிகாரிக்கும் வெட்டினார்கள். ஆனால் முப்பதாயிரத்துக்கும் அதிகமான சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை; இன்ன பட்டாளத்தில் இத்தனை பேர் என்று வெறும் தொகையோடு முடித்துவிட்டார்கள். இது அநியாயந்தான் என்று யுத்தக் கல்லறைக் கமிஷனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, 2021ஆம் வருஷத்தில்.

அந்த யுத்தத்தில்தான், செத்தவனை அடையாளம் காண ஒவ்வொரு பிரிட்டிஷ் சிப்பாயின் கழுத்திலும் இரண்டு வில்லைகள் மாட்டும் முறை 1916இல் வந்தது. கச்சேரிச் சேவகர்கள் மார்பில் அணிந்த பித்தளை வில்லையைப் பழைய தலைமுறையினர் அறிவார்கள்; இது அதைப் போன்றதே, ஆனால் சட்டைக்குள்ளே தொங்குவது. வீரனின் எண்ணும் பெயரும் அதில் பொறித்திருக்கும். அவன் விழுந்தால் சிவப்பு வில்லையைக் கழற்றிக் கணக்குக்கு அனுப்புவார்கள். பச்சை வில்லை உடலோடு மண்ணுக்குள் போகும். ஒரே குறை, அழுத்திய நாரால் செய்த அந்த வில்லைகள் மண்ணில் மக்கிப் போயின. பெயரைக் காக்க வந்தது பெயரையும் தின்றுவிட்டது.

உலோகத்தால் செய்த வில்லை அப்படி ஏமாற்றுவதில்லை. 1984 மே 29ஆம் தேதி, சியாசின் பனிமலையில் 19ஆம் குமாவுன் பட்டாளத்தின் ரோந்துப் படை ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. சந்திரசேகர் ஹர்போலா என்ற லான்ஸ் நாயக் திரும்பி வரவில்லை, உடலும் அகப்படவில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அத்தகைய வீட்டின் நிலையை நேயர்கள் சிந்திக்க வேண்டும். காரியம் செய்வதா, கூடாதா? செய்தால் எந்தத் திதியில்? வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடுவதை யார் தடுப்பது?

முப்பத்தெட்டு வருஷங்கள் கழிந்தன. 2022 ஆகஸ்டு 13ஆம் தேதி, தேசம் தன் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு விழாவுக்குக் கொடிகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, பதினாறாயிரம் அடிக்கும் மேலே ஒரு பழைய பதுங்கு குழியில் எலும்புகளைக் கண்டார்கள். கூடவே ஒரு வில்லை. அதில் ராணுவ எண். பதிவேட்டைப் புரட்டினார்கள், ஹர்போலா! மூவர்ணக் கொடி போர்த்தி ஹல்துவானிக்குக் கொண்டுவந்து, ராணுவ மரியாதையுடன் தகனம் செய்தார்கள். விட்டுப்போன குழந்தைகள் நடு வயதுப் பெண்களாக நின்று தகப்பனாரை வழியனுப்பினார்கள்.

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அதே சியாசினில் 2016 பிப்ரவரி 3ஆம் தேதி பனியில் புதைந்த 19ஆம் மெட்ராஸ் பட்டாளத்தார் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டார். ஒருவர் வேலூர் ஜில்லாக்காரர்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் உள்ள பழைய டிரங்குப் பெட்டியிலோ பழைய சாமான் கடையிலோ இப்படி ஒரு வில்லை, அல்லது ஒரு யுத்தப் பதக்கம் கைக்கு அகப்பட்டால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1914-18 யுத்தத்தின் வெள்ளிப் பதக்கத்தை விளிம்பில் உற்றுப் பாருங்கள்; எண்ணும் பெயரும் பட்டாளமும் இருக்கும். வெள்ளி என்று உருக்கிவிட்டவர்கள் ஒரு மனிதனையே உருக்கியவர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு ஜில்லாத் தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டாக இருந்தால் நீலகிரி வெல்லிங்டனுக்கும், ஸாப்பர் படையாக இருந்தால் பெங்களூருக்கும் எழுதலாம். பதில் வரத் தாமதமாகலாம். முப்பத்தெட்டு வருஷம் ஆகாது.

இந்தப் பேச்சையெல்லாம் பேசிக்கொண்டே மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். எதிர்ப் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும்.

"நானும் பட்டாளத்துலே இருந்தவன்தாங்க. வில்லை வீட்லே சாமி படத்துக்குப் பக்கத்துலே மாட்டியிருக்குது" என்றார்.

"தங்கள் பெயர் என்ன, பெரியவரே?" என்று கேட்டோம்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, மளமளவென்று ஏழெட்டு இலக்கங்களை ஒப்பித்தார். அதற்குப் பிறகுதான் பெயரைச் சொன்னார்.